பதினெட்டு ஜீப்பும் முத்துப்பிரியாவின் ஆய்வேடும்

எழுத உட்கார்ந்தாலே முத்துப்பிரியாவுக்கு வயிற்றைக் கலக்கும். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே கலக்கும். கணினியைத் திறந்து 'இயல் ஒன்று: முன்னுரை' என்ற வரியைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டு வருவாள். வந்து உட்கார்ந்தால் அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வரும். அதையும் பார்த்துவிட்டு வந்தால் எழுத்துரு சரியில்லை என்று தோன்றும். அதை மாற்றுவாள். மாற்றி முடிப்பதற்குள் கல்லூரிக்கு நேரமாகிவிடும். இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

அவளுக்கு வயது முப்பத்தாறு. பிறந்தது ராசிங்காபுரம், வாக்கப்பட்டது போடி. அங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறாள். கணவன் விஜயபாண்டி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். ஆய்வேடு எப்போது முடியும் என்று கேட்காத ஒரே மனிதன் அவன்தான். மற்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பால்காரர் கேட்டார், கல்லூரி வாட்ச்மேன் கேட்டார். எதிர்வீட்டு ஈஸ்வரி ஒரு படி மேலே போய், "டாக்டரம்மா, மொழங்காலு வலிக்கு என்ன மாத்திர போடலாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்னுரைகூட இல்லாத அந்த ஆய்வேட்டுக்கு நன்றியுரை மட்டும் மூன்று பக்கம் தயாராக இருந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான்.

நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று. இனி கிடையாது. செப்டம்பர் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வது கஷ்டம் என்று கல்லூரி முதல்வரும் ஜாடையாகச் சொல்லிவிட்டார். ஏழு வருஷமும் வேலையும் சேர்ந்து கையைவிட்டுப் போகும் என்ற பயத்தில் அவள் சரியாகத் தூங்கியே மாதக்கணக்காகிவிட்டது.

அவளுடைய ஆய்வு, போடியிலிருந்து அன்றாடம் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்களைப் பற்றியது. விடிகாலையில் ஜீப்புகள் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும். ஒரு ஜீப்புக்குப் பன்னிரண்டு பெண்கள். அந்தக் கூட்டத்துக்குச் 'செட்டு' என்று பேர். கூலி பேசுவது, லீவு போடுவது, தோட்டம் மாறுவது எல்லாம் செட்டாகத்தான்.

பதினெட்டு ஜீப்பு, இருநூற்றுப் பதினாறு பெண்கள், ஆளுக்கு நாற்பது கேள்வி. ஒவ்வொருவரையும் நேரில் உட்கார வைத்துக் கேட்பதாகத்தான் திட்டம். இரண்டு சாயங்காலம் போய்ப் பார்த்தாள். இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். அவர்களை நிறுத்தி வைத்து நாற்பது கேள்வி கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. ஜீப்புக்கு ஒருத்தி எழுதப் படிக்கத் தெரிந்தவளாகப் பார்த்து, பன்னிரண்டு தாள்களைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வாங்கிக்கொண்டாள். ஆனால் ஆய்வேட்டின் வரைவில் 'ஆய்வாளர் ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து வினாத்தாளை நிரப்பினார்' என்று அடித்தாள். அந்த வரியை அடிக்கும்போது மட்டும் அவளுக்கு வயிறு கலக்கவில்லை. எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை, தாள்களில் உள்ளதைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நாலாவது ஜீப்பின் முதல் தாளையும் இரண்டாவது தாளையும் ஏற்றினாள். மூன்றாவதை ஏற்றும்போது கை தானாகவே அடிக்கத் தொடங்கியது, ஏனென்றால் பதில்கள் மனப்பாடமாகியிருந்தன. பன்னிரண்டு தாளிலும் நாற்பது பதிலும் ஒரே அச்சு. வேறொரு கட்டை அவசரமாகப் பிரித்தாள். அதுவும் அப்படியே. சாயங்காலத்துக்குள் பார்த்து முடித்துவிட்டாள்: பதினெட்டில் பதினான்கு ஜீப்பு இதே லட்சணம். எழுதத் தெரிந்த ஒருத்தியே உட்கார்ந்து எல்லாத் தாளையும் நிரப்பித் தள்ளியிருக்கிறாள் என்று முடிவு செய்தாள்.

கூடப் படிக்கும் யோகராஜுக்கு போன் செய்தாள். அவன் பதறவே இல்லை. "இதுக்கு ஏன்க்கா அழுகுறீங்க? ஒவ்வொரு ஜீப்புலயும் நாலஞ்சு தாள்ல பதில அங்கங்க மாத்தி விடுங்க. ஆம்ங்கிறத இல்லைன்னு ஆக்குங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியவா போகுது?" என்றான்.

மாற்றவும் தொடங்கினாள். ஒளித்துச் சொல்வதற்கில்லை. நாலாவது ஜீப்பில் ஆறு பேருடைய பதில்களை மாற்றிவிட்டாள். ஏழாவது ஆள் ஒச்சம்மாள். இருபத்து மூன்றாம் கேள்வி: 'ஜீப் பயணம் பாதுகாப்பானதாக உள்ளதா?' தாளில் 'ஆம்' என்று இருந்தது. 'இல்லை' என்று மாற்றப் போன விரல் நின்றுவிட்டது. தாள்களைக் கொடுத்த அன்று அந்த அம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல நாங்க சொல்றத நீ மாத்தாமப் போட்டுருவியா ஆத்தா?" என்று கேட்டிருந்தாள். முத்துப்பிரியா தலையை ஆட்டியிருந்தாள். இப்போது அதை நினைத்ததும் திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் கூசிப்போனாள். மாற்றிய ஆறையும் பழையபடி ஆக்கிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடிகாலை விஜயபாண்டி அவளை ஜீப்புகள் நிற்கும் இடத்தில் வண்டியில் கொண்டுவந்து விட்டான். நாலாவது ஜீப்பில் ஏறினாள். ஓட்டுபவர் கண்ணுச்சாமி. ஐம்பத்தைந்து வயது ஒச்சம்மாள்தான் செட்டுக்குத் தலைவி. தாள்களை நிரப்பிய சுகன்யா அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், பிளஸ் டூ வரை படித்த பெண். ராமுத்தாய்க்கு உடம்பு சரியில்லை என்றார்கள். காலியாக இருந்த அந்த இடத்தில் முத்துப்பிரியா உட்கார்ந்துகொண்டாள்.

மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் முடியவில்லை. "சுகன்யா, பன்னெண்டு தாளையும் நீயே நிரப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் கறாராகவே வந்துவிட்டது.

சுகன்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நானாவா? என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! ஒவ்வொரு கேள்விக்கும் இந்த ஜீப்புல நடந்த சண்டைய நீங்க பாத்திருக்கணும். ஒரு வாரம் மண்ட காஞ்சு போச்சு."

"சண்டை போட்டா பதில் வேற வேறயா இருக்கணுமே?"

ஒச்சம்மாள் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு சொன்னாள்: "இந்தா பாரு டீச்சரு. முன்ன ஒருக்க மருதாயின்னு ஒருத்தி, தோட்டத்துச் சூப்பர்வைசருகிட்ட, எனக்கு அஞ்சு மணி வரைக்கும் நின்னாலும் பரவாயில்லன்னு சொல்லிப்புட்டா. அவளுக்கு வீட்டுல பிள்ளகுட்டி கெடயாது. மறுநாளுலருந்து பன்னெண்டு பேரும் அஞ்சு மணி வரைக்கும் நின்னோம். அன்னைக்கு முடிவு பண்ணதுதான். ஜீப்புக்குள்ள பன்னெண்டு வாயி. எறங்கிட்டா ஒரே வாயி. நீ குடுத்த தாளு வெளிய போற தாளுதானே?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு எந்தக் கேள்விக்கு யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். இருபத்து மூன்றாம் கேள்விக்கு மட்டும் நான்கு நாள் ஆனதாம்.

"நான் இல்லைன்னேன்," என்றாள் ஒச்சம்மாள். "வளைவுல திரும்புறப்ப எனக்குக் கொல நடுங்குது. இந்தச் சுகன்யாதான், இல்லைன்னு எழுதிக் குடுத்தா எவனாச்சும் ஆபீசரு வந்து ஜீப்ப நிப்பாட்டிப்புடுவான், அப்புறம் சோலிக்கு நடந்தா போறதுன்னு கேட்டா. ஏழு பேரு அந்தப் பக்கம், அஞ்சு பேரு இந்தப் பக்கம். கடேசில ஆம்னு போட்டோம்."

"அப்ப பயம் இல்லையா பெரியம்மா?"

"பயம் இருக்கு. தாள்ல ஆம்னுதான் போடணும்."

இருநூற்றுப் பதினாறு பதிலைத் தேடி அலைந்தவளுக்கு அங்கே இருந்தது நாற்பது சண்டை என்பது அந்த மலைப்பாதையில்தான் உறைத்தது. தாளில் விழுந்தது சண்டையின் கடைசி வார்த்தை மட்டும். அதை எண்ணிக் கூட்டிச் சதவிகிதம் போட்டு, நூற்றுக்கு எண்பது பேர் பாதுகாப்பாக உணர்கிறார்கள் என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பொய்யாகியிருக்கும்! அதுவும் ஒரு புள்ளி பிசகாத பொய்.

"இதை நான் எழுதலாமா?" என்று கேட்டாள். இரண்டு வளைவு கடந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒச்சம்மாள், "சண்டைய எழுது. பேர எழுதாத, ஜீப்பு நம்பர எழுதாத," என்றாள். அதனால் இந்தக் கதையில் வரும் பேர்களையும் யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

மெட்டில் இறங்கி, போடிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் நோட்டை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். வளைவுக்கு வளைவு எழுத்து கோணிக்கொண்டு போனது. பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ஒன்பது பக்கம். எழுத்துருவைப் பற்றிய நினைப்பே வரவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு எழுதுவதுதான் ஆய்வேடு என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். எழுதினால்தான் எது தெரியவில்லை என்பதே தெரிகிறது. முன்னுரையை ஏழு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுதது எவ்வளவு வெட்டிவேலை என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. இருபத்து மூன்றாம் கேள்வியிலிருந்து தொடங்கினாள். அதற்கு அடுத்து எட்டாம் கேள்வி. முன்னுரை கடைசியில் வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிரிப்பு அந்த வாரத்தோடு சரி. அடுத்த சனிக்கிழமை மதுரைக்குப் போய் நெறியாளர் நிலவன் முன்னால் உட்கார்ந்தாள். நிலவன் கெட்ட மனிதர் இல்லை, பழைய காலத்து ஆள். ஆய்வேட்டில் 'நான்' என்ற சொல் வந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுவார். "நீங்க யாருங்கிறது யாருக்கும் தேவையில்ல, 'ஆய்வாளர்'னு எழுதுங்க," என்பார். அவர் கையில் முத்துப்பிரியா கொடுத்த முதல் பக்கம் இப்படித் தொடங்கியது:

'இந்த ஆய்வின் வினாத்தாள்களை நான் நேரில் நிரப்பவில்லை. ஜீப்புகளில் கொடுத்துவிட்டு வந்தேன். பதினான்கு ஜீப்புகளில் பன்னிரண்டு தாள்களும் ஒன்றுபோலவே வந்தன. அது ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.'

அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிறீங்க. வெளித்தேர்வாளர் இந்த முதல் பக்கத்தோட மூடி வச்சிருவார், தெரியும்ல?"

"தெரியும் சார்." அவள் பையிலிருந்து மீதித் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஆனா ஏழு வருஷமா எழுத வராதது இப்ப வருது சார். ஒரு வாரத்துல நாப்பது பக்கம் வந்திருச்சு."

நிலவன் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பதினெட்டு ஜீப்புலயும் ஏறி எறங்குங்க. யார் வந்தா, யார் வரலைங்கிறது மொதக்கொண்டு தேதி போட்டு எழுதுங்க. அப்புறம் பாப்போம்," என்றார்.

செப்டம்பர் பாதிக்குள் இருபத்தாறு விடிகாலை அவள் மலையேறினாள். நாலரைக்கு எழுந்திருப்பாள், ஜீப்பில் போய், பஸ்ஸில் திரும்பி, பத்து மணிக்கு வகுப்பில் நிற்பாள். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது கண் சொக்கும். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நிலவன் கையெழுத்துப் போடுவாரா, போட்டாலும் தேர்வாளர் ஏற்பாரா, ஏற்காவிட்டால் ஈஸ்வரி முகத்தில் எப்படி விழிப்பது என்று பயங்கள் வரிசை கட்டி நின்றன. ஆனால் வயிறு கலக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி நிலவன் கையெழுத்துப் போட்டார். "நான்" என்ற சொல்லில் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. மறுநாள் மதியம் ஐந்து பிரதிகளைக் கொடுத்துவிட்டுப் பல்கலைக்கழக வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தார். "தப்பு பண்ணினேன்னு தொடங்குற ஆய்வேட்டை இருபது வருஷத்துல நான் பார்த்ததில்ல," என்றார். பாராட்டா குத்தலா என்று தெரியாமல் அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை மணி நேரம் கேட்டார். அவளும் சமாளித்தாள். கடைசியில் அவர் முகம் இளகியது.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது உங்க ஏழாம் அட்டவணை. எந்த ஜீப்புல, எந்த நாள் போனாலும் பன்னிரண்டு பேர்ல ஒருத்தர் வேலைக்கு வர்றதில்ல, அந்த ஒருத்தர் தினமும் வேற ஆள்னு காட்டியிருக்கீங்க. உடம்புக்கு முடியலைன்னு வெளிய சொல்லிக்கிட்டு, செட்டு தனக்குள்ள முறைவச்சு ஓய்வு எடுத்துக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அருமையான கண்டுபிடிப்பு. இதைத் தனிக் கட்டுரையா கொண்டு வாங்க."

கைதட்டினார்கள். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்தார். நிலவன் சிரித்ததை அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள்.

மறுநாள் விடிகாலை ஒரு கிலோ மைசூர்பாகும் கெட்டி அட்டை போட்ட ஆய்வேட்டுப் பிரதியும் எடுத்துக்கொண்டு ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. சுகன்யா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ஏறு டாக்டரம்மா! மெட்டு வரைக்கும் பேசிக்கிட்டே போவோம். வெரசா ஏறு," என்றாள் ஒச்சம்மாள்.

முத்துப்பிரியா ஏறக் காலை வைத்தாள். உள்ளே இருந்த ராமுத்தாய் சோத்துத் தூக்கை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே பின்பக்கமாகக் கீழே இறங்கினாள்.

"எங்கக்கா போறீங்க? ஒடம்பு முடியலையா?"

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்கு என் மொற," என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன முறை?"

ஒச்சம்மாள் ராமுத்தாயை முறைத்தாள். சுகன்யாதான் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "மெட்டுல செக்போஸ்ட்டுல தல எண்ணுறாகக்கா. பதிமூணு இருந்தா ஜீப்ப விட மாட்டாக. அதான் நீங்க தூரத்துல வர்றதப் பாத்ததுமே ஒருத்தரு எறங்கிக்கிருவோம். மொற வச்சு."

"எல்லா ஜீப்புலயுமா?"

"எல்லா ஜீப்புலயுந்தான்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நல்லாக் கேட்ட போ," என்றாள் ஒச்சம்மாள். கோபம்போல இருந்தது, ஆனால் கோபம் இல்லை. "நம்மள நம்பி வந்த பிள்ளகிட்ட எடமில்லன்னு சொல்லுவாகளா?"

முத்துப்பிரியா வைத்த காலைக் கீழே எடுத்தாள். ராமுத்தாயின் கையைப் பிடித்து உள்ளே ஏற்றி உட்கார வைத்தாள். மைசூர்பாகுப் பொட்டலத்தைச் சுகன்யா மடியில் வைத்தாள். கண்ணுச்சாமி ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஜீப்பு போய்விட்டது.

இருபத்தாறு விடிகாலை. இருபத்தாறு பெண்கள் கட்டிய சோற்றைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வேலையில்லாமல் வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் வரவில்லை என்று தேதி போட்டு எழுதியிருக்கிறாள். அதற்கு ஓய்வு என்று பேரும் வைத்துக் கைதட்டலும் வாங்கிவிட்டாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

பட்டம் இன்னும் கையெழுத்தாகவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தேர்வாளருக்குத் தெரியாது, நிலவனுக்குத் தெரியாது. இந்தப் பெண்களோ கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு கலக்கியது. கலங்கிய வயிற்றோடுதான் போனை எடுத்தாள். மணி ஐந்தே முக்கால். நிலவன் தூக்கக் குரலில், "யாரு?" என்றார்.

"முத்துப்பிரியா சார். ஏழாம் அட்டவணை தப்பு சார். அவங்க யாரும் வேலைக்கு வராம இருக்கல. நான் ஏறி உக்காந்ததுனால எறங்கிப் போயிருக்காங்க."